அவள் சூனியக்காரி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கின் படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். குடியாத்தத்து டீக்கடை பெஞ்சு வரைக்கும் பிளேக் வந்துவிட்டாரே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் படத்துக்குக் கீழே 'சூனியக்காரி - அமில அச்சோவியம்' என்று போட்டிருந்தீர்கள். இரண்டுமே தப்பு.

1795 வாக்கில் செய்த படம் அது. புத்தகத்தின் மேல் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள் ஒருத்தி. அவள் முதுகுக்குப் பின்னால் தலை கவிழ்ந்த இருவர், ஆந்தை, புல் மேயும் கழுதை. ரொம்ப காலம் இவளை ஹெக்கட்டி என்றார்கள். இரவுக்கும் முச்சந்திக்கும் உரிய கிரேக்கத் தெய்வம் ஹெக்கட்டி. மாயமந்திரத்தோடு சேர்த்துப் பேசப்படுபவள்தான், ஆனாலும் தெய்வம். இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்தில் 'எனிதார்மனின் மகிழ்ச்சி இரவு' என்றே தலைப்பு. எனிதார்மன் பிளேக் தானே படைத்த புராணத்துப் பெண். பெண்ணின் காதல் பாவம் என்று மனித குலத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டு 1800 வருஷம் தூங்குகிறவள்!

அப்புறம் அந்த அமில அச்சு. நானும் கல்லூரியில் அமிலத் தொட்டி முன்னால் நின்றவள்தான். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்கினால் கீறிய இடத்தை மட்டும் அது தின்னும். அச்சில் இடம் வலமாக மாறி விழும். அது தெரியாமல் நான் போட்ட முதல் மாரியம்மனுக்குச் சூலம் இடக்கைக்குப் போய்விட்டது, மாஸ்டர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிளேக்கின் இந்தப் படமோ வேறு வகை. கெட்டியான வண்ணத்தைப் பரப்பி, காகிதத்தை அழுத்தி எடுத்து, அதன்மேல் மையும் நீர்வண்ணமும் தீட்டியது. அமில அச்சு வேண்டுமென்றால் ஸ்பெயின் ஓவியர் கோயா 1799-ல் வெளியிட்ட 80 படங்களைப் போடுங்கள். அதில் நூல் நூற்கும் கிழவிகளைச் சூனியக்காரிகள் என்றே எழுதிக்கொள்ளுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

வைகாசி முதல் தேதி எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும். வெறும் தலைதான் வரும், கோபாலபுரம் கோயிலில்தான் உடலோடு பொருத்துவார்கள். அதை வெளியூர்க்காரர் ஒருவர் போட்டோ எடுத்து 'வெட்டுண்ட பெண் தலை' என்று பத்திரிகையில் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

வரும் ஞாயிறு சரியான பெயரோடு படத்தை மறுபடி போடுங்கள். இந்த முறை இடம் போதவில்லை என்று கழுதையை வெட்டிவிட்டீர்கள். அதையும் சேர்த்துப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
குடியாத்தம்