டயரை எக்ஸ்ரே எடுத்தவருக்கு நன்றி

2019 ஆகஸ்ட் 2 அன்று ஜெர்மனியின் ஏரா-லெஸ்ஸியன் சோதனைத் தடத்தில் சோதனை ஓட்டுநர் ஆண்டி வாலஸ் புகாட்டி ஷிரோன் காரை மணிக்கு 490.484 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். அவர் பெயர் பதிவாகிவிட்டது. காரில் மாட்டும் முன் மிச்செலின் டயர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவரே, உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. இந்த நன்றி உங்களுக்குத்தான்.

அந்த வேகத்தில் டயரின் வெளிவிளிம்பில் உள்ள ஒவ்வொரு கிராமும் ஐந்து கிலோவுக்கு மேல் கனப்பதுபோல வெளியே இழுக்கும். உள்ளிருக்கும் எஃகு இழைகள் ஒன்றையொன்று தொட்டால் உரசிச் சூடாகும், ரப்பர் பிடிப்பை விடும், மேல்பட்டை பிய்யும். வெளியிலிருந்து எவ்வளவு தடவிப் பார்த்தாலும் இது தெரியாது. காற்றழுத்தம் குறைந்தாலும் ஆபத்துதான். பக்கச்சுவர் மடங்கி மடங்கியே கொதித்துவிடும்.

கார் வினாடிக்கு 136 மீட்டர் ஓடுகிறது. டயர் கிழிந்தபின் ஓட்டுநரின் திறமைக்கு அங்கே நேரமில்லை. ஹெல்மெட்டும் பாதுகாப்புக் கூண்டும் அடியைத்தான் குறைக்கும், கிழிசலைத் தடுக்காது. தடுப்பது நீங்கள். எந்தச் சோதனைத் தடத்திலும் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களைப் போன்றவர்களுக்கு முதலில் இருக்க வேண்டும். மனமார்ந்த நன்றி, ஐயா அல்லது அம்மா.