நடிக்கிறான் என்று சொல்லும் முன்

அன்புள்ள கதிர்,

உன் செக்‌ஷனில் ராணுவப் பயிற்சிக்கு வந்த ஒரு பையன் கெங் பண்ணுகிறான், அதாவது நோய் என்று நடித்துத் தப்பிக்கப் பார்க்கிறான் என்று சனிக்கிழமை சொன்னாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். முட்டி வலி என்று மருத்துவரிடம் ரிப்போர்ட் சிக் போகிறான், கேன்டீனுக்குப் போகும்போது மட்டும் நொண்டுவதில்லை என்றாய். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்ப முடியுமா என்று அப்பாவும் சேர்ந்துகொண்டார். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவளுக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அடித்தால் பாதியில் நின்றுவிடும். படுக்கப் போகும் முன் நிதானமாகப் படி.

நடிப்பவர்கள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எம்சிக்காக, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழுக்காக, இருமுகிறவர்கள், இன்ஷூரன்ஸ் பணத்துக்காகக் கழுத்துப் பட்டையோடு வருகிறவர்கள், எல்லாரையும் பார்த்திருக்கிறேன். ராணுவச் சட்டத்தில் பொய்யாக நோய் சொல்வது குற்றம் என்பதும் தெரியும். இவர்களுக்கு வேண்டியது லீவோ பணமோ தண்டனையிலிருந்து தப்பிப்பதோதான். அது கிடைத்ததும் நோயும் போய்விடும்.

ஆனால் எல்லாரும் அந்த வகை இல்லை. பாதரச தெர்மாமீட்டர் இருந்த காலத்தில் எங்கள் வார்டில் ஓர் அம்மா இருந்தார். தினமும் 40 டிகிரி காய்ச்சல். நாடியைப் பிடித்தால் 70-ஐத் தாண்டாது. நெற்றியைத் தொட்டால் குளிர்ச்சி, வியர்வையும் கிடையாது. அவ்வளவு காய்ச்சல் அடித்தால் நாடி ஓட வேண்டும், கதிர். பக்கத்திலேயே நின்று தெர்மாமீட்டர் வைத்த அன்று 36.8 காட்டியது. மேசையில் வெந்நீர் ஃபிளாஸ்க் இருந்தது. எம்சி வாங்கிக் கொடுக்க அவருக்கு வேலையும் இல்லை, கேட்டு வாங்க இன்ஷூரன்ஸும் இல்லை. பார்வையாளர் நேரத்தில் அவரைத் தேடி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று அவரைக் கேட்டவர்கள் நாங்கள் மட்டும்தான்.

1951-இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதி, கதை அளப்பதில் பேர்போன முன்சௌசன் பிரபுவின் பெயரை அந்த நோய்க்கு வைத்தார். மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்குவார்கள், தேவையில்லாத அறுவை சிகிச்சைக்குக்கூட உடம்பைக் கொடுப்பார்கள். தெரிந்தேதான் ஏமாற்றுகிறார்கள், ஏன் செய்கிறோம் என்பது பல நேரம் அவர்களுக்கே பிடிபடாது. மருத்துவம் இதை மனநோயாகத்தான் பார்க்கிறது. எங்கள் டாக்டர் அந்த அம்மாவைத் திட்டவில்லை. மனநல மருத்துவரையும் சமூகப் பணியாளரையும் வரச் சொன்னார். அந்த டாக்டர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அப்புறம், நடிப்பே இல்லாமல் நடிப்பு மாதிரித் தெரிகிற நோய் ஒன்று உண்டு. காலில் பலம் போயிருக்கும், ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. 1908-இல் சார்ல்ஸ் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்கு ஒரு சோதனை சொன்னார். படுக்கவைத்து, பலமில்லாத காலின் குதிகாலைக் கீழே அழுத்தச் சொன்னால் வராது. அந்தக் குதிகாலுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு, நல்ல காலைத் தூக்கச் சொன்னால், வராத கால் தானாக அழுத்தும். திருடன் அகப்பட்டான் என்று இதைப் பார்த்தவர்கள் உண்டு. இப்போது நரம்பியல் மருத்துவர்கள் நோயாளிக்கே அதைக் காட்டுகிறார்கள். நரம்பு அறுந்துபோகவில்லை, கவனம் காலில் இருந்தால் வரவில்லை, வேறு பக்கம் போனால் வருகிறது, ஆகவே சரியாக வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லி அங்கிருந்தே பயிற்சியைத் தொடங்குகிறார்கள்.

நீ சொன்ன பையனுக்கு இந்த விளக்கமும் தேவையில்லை. முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலி இருந்தால் சமதரையில் நன்றாகத்தான் நடப்பார்கள். படி இறங்கும்போதும் ஓடும்போதும் உட்கார்ந்து எழும்போதும்தான் உயிர் போகும். புதிதாக ஓடத் தொடங்குகிறவர்களுக்குச் சகஜமாக வருகிற வலி அது. கேன்டீன் வழி சமதரைதானே? கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பான். நம்பாதவர் முன்னால் எல்லாரும் கூட்டித்தான் சொல்வார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது முனகல் பலமாவதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கூட்டிச் சொன்னது பொய்யாக இருக்கலாம், அடியில் இருக்கும் வலி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவன் நடிக்கிறானா என்று பார்க்க எம்ஓ, உங்கள் ராணுவ மருத்துவர், இருக்கிறார். அந்தத் தீர்ப்பை நீ எழுதாதே, அதுவும் மற்றப் பையன்கள் முன்னால் எழுதாதே.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் தெரியுமா? ஒருவனை நீ கெங் என்று கூப்பிட்டால் மற்றவர்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அடுத்த தடவை காய்ச்சலோடு இருப்பவன் வாயைத் திறக்கமாட்டான். பேர் கெட்டுவிடும், வீட்டுக்குப் போகும் புக் அவுட் போய்விடும், மறுபடி முதலிலிருந்து பயிற்சி செய்ய வைத்துவிடுவார்கள் என்று இரண்டு பனடோல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் நடக்கும் ரூட் மார்ச்சுக்கு வந்து நிற்பான். நடிக்கிறவனை நினைத்து எனக்குத் தூக்கம் கெடுவதில்லை. மறைக்கிறவனை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

நீங்கள் பயிற்சி செய்யும் தெக்கோங் தீவு வெயிலில் உடம்புச் சூடு 40-ஐத் தாண்டினால் முதலில் மூளைதான் தடுமாறும். சம்பந்தமில்லாமல் பேசுவான், காரணமில்லாமல் கோபப்படுவான், குடித்தவன்போல் தள்ளாடுவான். வியர்த்துக்கொண்டும் இருப்பான், அதனால் வெயில் தாக்கவில்லை என்று நினைத்துவிடாதே. தெரியாதவர்களுக்கு இது அப்பட்டமான நடிப்பாகத்தான் தெரியும். அவன் பெயரையும் இருக்கும் இடத்தையும் கேள். பதில் தடுமாறினால் விசாரணை எதுவும் வேண்டாம். நிழலுக்குக் கொண்டுபோய், பூட்ஸ், சட்டையைக் கழற்றி, தண்ணீரும் ஐஸும் போட்டு உடம்பைக் குளிரவை, கையோடு எம்ஓவுக்கு ஆள் அனுப்பு. மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதே. அவன் நடித்திருந்தால் உங்களுக்கு ஒரு மணி நேரம் வீண், அவ்வளவுதான்.

இதை உன் கூட இருக்கும் சார்ஜண்ட்களிடமும் சொல்.

அன்புடன்,
அம்மா