ரசனை இல்லாதவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, ஜெர்மனியின் மோசல் ஆற்றோர சைக்கிள் பயணக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையோடு. இரண்டாம் தடவை, அந்த வரி நிஜமாகவே அச்சாகியிருக்கிறதா, இல்லை என் கண்ணில்தான் கோளாறா என்று பார்க்க. கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது. "ஆற்றோரம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நிதானமாகச் சைக்கிள் மிதிக்க ஒரு ரசனை வேண்டும். நம் வடசென்னையில் சைக்கிள் என்பது சுமை தூக்கும் வண்டி, அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். 'நம்' என்று வேறு சொல்லிக்கொள்கிறார். எந்தத் தெருவோ?

சுமை தூக்கும் வண்டி என்றதற்கு நான் கோபப்படவில்லை. தூக்கியிருக்கிறோம். தண்ணீர்ப் பஞ்ச வருஷங்களில் கேரியருக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கயிற்றில் கட்டி, ஒரு சொட்டு சிந்தாமல் வீடு கொண்டுவந்து சேர்த்த ஊர் இது. அந்த வண்டியிலேயேதான் தங்கையைப் பள்ளிக்கூடத்தில் விட்டேன், கல்யாணமான புதிதில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து வடிவுடையம்மன் கோயிலுக்கும் போனேன். மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக 29 வருஷம். மூன்று ஷிப்டுக்கும் சைக்கிள்தான். அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் வண்டி. 1949இல் தொடங்கிய கம்பெனி அங்கே சைக்கிள் தொழிற்சாலை வைத்ததெல்லாம் ஆசிரியருக்குத் தெரியாததல்ல. நாட்டுக்கே சைக்கிள் செய்து அனுப்பிய இடம் எங்களுக்குப் பக்கத்து ஊர். ஓட்ட மட்டும் எங்களுக்கு ரசனை போதாது.

கன்டெய்னர் லாரி பக்கத்தில் கடந்து போகும்போது சைக்கிளில் இருந்திருக்கிறாரா அவர்? லாரியின் தலை நெருங்கும்போது காற்று நம்மை வெளியே தள்ளும். உடம்பு முழுக்கக் கடந்து வால் போகும்போது உள்ளே இழுக்கும். அந்த இழுப்புக்குத்தான் பயப்பட வேண்டும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் வண்டி ஆடும், தளர்த்திப் பிடித்து உடம்பை லேசாக இடது பக்கம் சாய்க்க வேண்டும். மண்ணில் சக்கரம் இறங்கினால் இறங்கட்டும். இதை எனக்கு எந்தப் பயணக் கட்டுரையும் சொல்லித் தரவில்லை. நைட் ஷிப்டு முடிந்து துறைமுக லாரி வரிசைக்குப் பக்கத்தில் மிதித்து வருகிறவனுக்கு ஆற்றின் சத்தம் எங்கே கேட்கும்? ஏர்ஹாரன்தான் கேட்கும்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலைந்து பேர் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவோம். மீஞ்சூர், பொன்னேரி, அங்கிருந்து பழவேற்காடு. பொன்னேரி தாண்டினால் வயல்தான். ஏரியை நெருங்க நெருங்க உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். போய், டீ குடித்து, ஏரியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். இதற்கு ரசனை என்று பேர் வைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை, தப்புதான்.

சரி, திராட்சைக்கு வருகிறேன். என் பெண்ணைத் தேனி மாவட்டம் கம்பத்தில் கொடுத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய் ஒரு வாரம் இருப்பேன். சம்பந்தி வீட்டில் திண்ணையோரம் சும்மா நின்ற சைக்கிளுக்கு நானே பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். காலை ஐந்தரைக்கு அதை எடுத்துக்கொண்டு சுருளிப்பட்டி சாலையில் இறங்கிவிடுவேன். மேற்கே போகும் சாலையில் அந்த நேரத்தில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் பறக்கும். சுருளி பக்கம் அந்தத் தொல்லை இல்லை. முல்லைப் பெரியாற்றுப் பாலத்தில் ஒரு காலை ஊன்றி நின்றால் தண்ணீர் போகிற சத்தம் கேட்கும், கட்டுரையாளருக்குக் கேட்ட அதே சத்தம்தான். மேற்கே ஓடிக் கடலில் விழ வேண்டிய தண்ணீர் அது. 1895இல் பென்னிகுக் அணையைக் கட்டி முடித்துச் சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்.

அப்புறம் சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி என்று வழிநெடுகப் பந்தல்தான். கல்தூண் நட்டு, மேலே கம்பி வலை இழுத்து, அதில் கொடி படர்ந்திருக்கும். குனிந்து உள்ளே போனால் கொத்துக் கொத்தாகத் தலைக்கு மேல் தொங்கும். தரையில் வெயில் காசு காசாக விழுந்து கிடக்கும். பெண்கள் கத்தரிக்கோலால் வெட்டிப் பெட்டியில் அடுக்குவார்கள். ஆசையில் ஒரு கொத்தைக் கையில் ஏந்தப் போனேன், ஒரு அம்மா அதட்டினார்: "காம்பப் பிடிங்கய்யா, பழத்தத் தொடாதீங்க!" பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல ஒரு வெள்ளைப் படலம் இருக்கிறது. விரல் பட்டால் அது அழிந்துவிடும், வியாபாரி பழைய பழம் என்று விலையைக் குறைப்பான். 63 வயதில் ஒரு பழத்தை எங்கே பிடிப்பது என்று கற்றுக்கொண்டேன்.

மோசலில் வருஷத்துக்கு ஒரே அறுவடை, இலையுதிர் காலத்தில். இங்கே அப்படியில்லை. கொடியைக் கவாத்து செய்து, அதாவது வெட்டிவிட்டு, நாலு மாதத்தில் பழம். ஒருவர் தோட்டம் மொட்டையாக நிற்கும், அடுத்தது பூவில் இருக்கும், அதற்கடுத்ததில் பெட்டி ஏறிக்கொண்டிருக்கும். எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு பந்தலில் பழம் உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனைமலையன்பட்டியில் திராட்சைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மருந்தடிக்கும் நாளில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதக் காற்றில் எதிரே மிதிப்பதும் லேசில்லை. இவ்வளவும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது, உங்கள் இதழில் மூன்று வருஷமாக ஒரு பத்தி கூட வந்ததில்லை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், பழைய இதழ்கள் பரணில் இருக்கின்றன.

வடசென்னைக்கு மட்டும் ஒரு சிறப்பிதழ் போட்டீர்கள். அட்டையில் கிரேன், உள்ளே கேரம் போர்டு, கத்தி, குத்துச்சண்டைக் கையுறை. காசிமேட்டைக் கூட இருட்டில்தான் படம் எடுத்தார்கள், மீன் விடியலில்தான் விற்கும் என்று யாரும் சொல்லவில்லை போல. அப்போது ஒரு கடிதம் எழுதினேன், வரவில்லை. சைக்கிள் இணைப்பிதழில் கிழக்குக் கடற்கரைச் சாலையும் லட்ச ரூபாய் வண்டிகளும் மட்டும் இருந்தபோது இன்னொன்று எழுதினேன். அதுவும் வரவில்லை. இடப் பற்றாக்குறை இருந்திருக்கும்.

ஆற்றுப் பள்ளத்தாக்கு என்றால் எங்களுக்கும் ஒன்று உண்டு ஐயா. எண்ணூரில் கடலில் சேருகிற கொசஸ்தலையாறு. அதன் மேல்பகுதியில், பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது அதிரம்பாக்கம். 1863இல் நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம். அங்கே மனிதர்கள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கோடாரி செதுக்கியிருக்கிறார்கள் என்று ஆய்வு சொல்கிறது. அவர்களுக்கு ரசனை இருந்ததா என்று உங்கள் கட்டுரையாளரைத்தான் கேட்க வேண்டும். அதே ஆறு எங்களிடம் வந்து சேரும்போது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து வருகிறது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. ஆற்றங்கரையில் நின்று ரசிக்கச் சொன்னால் எதை ரசிப்பது?

மோசலில் அவருக்குக் கிடைத்த நிம்மதி, ஆற்றை ஒட்டிச் சமமாகப் போட்டுக் கொடுத்த தனிப் பாதையால் கிடைத்தது. அதே பாதையை எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஆறடி அகலத்துக்குப் போட்டுக் கொடுங்கள், எங்கள் ரசனையைப் பிறகு அளந்துகொள்ளலாம். மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று இந்த நகரத்துக்கு 2014இலேயே ஒரு கொள்கை வகுக்கப்பட்டது. அதைப் பற்றி நாலு பக்கம் எழுதச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். கட்டுரையாளர் கோப்லென்ஸில் கிளம்பி, "ஆற்றின் போக்கிலேயே" ட்ரியருக்கு மிதித்துப் போனதாக எழுதியிருக்கிறார். மோசல் பிரான்ஸில் பிறந்து, ட்ரியர் வழியாக வந்து, கோப்லென்ஸில் ரைனோடு சேருகிறது. கோப்லென்ஸ் என்ற பெயருக்கே கூடுதுறை என்றுதான் அர்த்தம். பவானிக் கூடுதுறை மாதிரி. அவர் போனது ஆற்றுக்கு எதிர்த்திசையில். நீங்கள் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும் வரைபடம் இதைத்தான் காட்டுகிறது. அடுத்த இதழில் ஒரு மூலையில் திருத்தம் போட்டால் போதும்.

அப்புறம், வியாழக்கிழமை வர வேண்டிய இதழ் எங்கள் பக்கத்துக் கடைக்குச் சனிக்கிழமைதான் வருகிறது. அதையும் கொஞ்சம் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர்,
காலடிப்பேட்டை, சென்னை-19.