மல்லி வைக்கவேண்டிய இடத்தில் இந்தச் செடி

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ போனில் கேட்டதற்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, பக்கத்தில் பிள்ளை அழுதுகொண்டிருந்தான். வாசலில் நாள் முழுக்க வெயில் விழுகிற நல்ல இடத்தில் மல்லி வைக்காமல் பேர் தெரியாத ஏதோ புதரை வைத்திருக்கிறாளே என்று உனக்கு மனசு ஆறவில்லை. மல்லியும் இருக்கிறது அம்மா. பின்கட்டுப் பக்கம் துளசிக்கு அடுத்த தொட்டியில் நன்றாகவே பூக்கிறது. கறிவேப்பிலை, முருங்கை எல்லாம் இந்தத் தெருவில் பாதி வீட்டில் உண்டு, ஏனென்றால் இந்த மொரீஷியஸ் தீவுக்கு நம் ஆட்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார்களாகவும் தச்சர்களாகவும் வந்துவிட்டார்கள், ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் இருக்கிறது. நம் செடிகளுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. இந்த மண்ணின் செடிகளுக்குத்தான் இடமில்லாமல் போய்விட்டது.

நான் வைத்திருப்பது ட்ரோஷெட்டியா பூத்தோனியானா. பேர் வாயில் நுழையாது, விடு. இங்கே இதைக் கம்மல்பூ என்று பொருள்படும்படி பிரெஞ்சில் சொல்கிறார்கள். 1992இல் நாடு குடியரசானபோது இதைத்தான் தேசியப் பூவாக வைத்தார்கள். ஆனால் உலகத்திலேயே இது தானாக முளைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: தீவின் தென்மேற்கு மூலையில் கடலை ஒட்டி நிற்கிற லெ மோர்ன் மலை. 556 மீட்டர் உயரம், செங்குத்தான கரும்பாறை. அடிமைகளாக இருந்தவர்கள் தப்பி ஓடிப்போய் ஒளிந்து வாழ்ந்த மலை அது, 2008இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. தேசியப் பூ என்கிறார்கள், இங்கேயே பிறந்து வளர்ந்த எத்தனையோ பேர் அதைச் செடியில் பார்த்ததில்லை. எங்கள் எதிர்வீட்டு அக்கா என் வாசலில்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள். எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

செம்பருத்தி, பூவரசுக் குடும்பம்தான் இதுவும். இலை தடிப்பாக, மேலே பச்சையாக இருக்கும், திருப்பிப் பார்த்தால் துரு படிந்த மாதிரி பழுப்பு. பூ மணி மாதிரி தலைகீழாகத் தொங்கும், நல்ல சிவப்பு. இப்போது இங்கே குளிர்காலம் (உங்களுக்கு ஆடி, அங்கே இன்னும் புழுக்கம் போயிருக்காது), அதனால் பூ வந்திருக்கிறது. ஒரு பூவை மெதுவாகத் தூக்கி உள்ளே பார்த்தேன், அடியில் தேன் தேங்கி நிற்கிறது, அந்தத் தேனும் சிவப்பு! பெரும்பாலான பூக்களில் தேன் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல்தான் இருக்கும். இந்த நிறம் பல்லிக்காக என்கிறார்கள். நம் வீட்டு டியூப்லைட் பக்கத்தில் பூச்சி பிடிக்குமே அந்தப் பல்லி இல்லை, இது பகலில் நடமாடுகிற பச்சைப் பல்லி, வால் நீலம். ஆராய்ச்சியாளர்கள் செயற்கைப் பூக்களில் நிறமுள்ள தேனையும் நிறமில்லாத தேனையும் வைத்துப் பார்த்தபோது இந்த வகைப் பல்லிகள் நிறமுள்ளதைத்தான் தேடிப் போயின. என் செடியிலும் ஒன்று வருகிறது, கிளையிலிருந்து தலைகீழாகத் தொங்கி முகத்தைப் பூவுக்குள் விட்டு நக்கிக்கொண்டே இருக்கும், வெளியே எடுக்கும்போது மூக்கெல்லாம் மகரந்தம். உன் பேரன் அது போகிறவரை ஜன்னலை விட்டு நகரமாட்டான்.

அப்புறம் தாழை. ஆமாம், செடிக்குப் பக்கத்தில் ஒரு தாழையும் வைத்திருக்கிறேன், பாம்பு வரும் என்று நீ சொல்லுவாய், பயப்படாதே, இந்தத் தீவில் நாகமும் கிடையாது, விரியனும் கிடையாது. தாழை வைத்த காரணம் என்னவென்றால், இதே இனத்தில் மஞ்சள் தேன் சுரக்கிற இன்னொரு செடி உண்டு, தாழைப் புதருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் செடிகளில்தான் காய் அதிகம் பிடிக்கிறது என்று காட்டிலேயே கணக்கெடுத்திருக்கிறார்கள். பல்லி தாழை மடலுக்குள் ஒளிந்துகொண்டு வாழ்கிறது, பசித்தால் பக்கத்தில் இருக்கிற பூவுக்குப் போகிறது. ஆக ஒரு செடியை மட்டும் கொண்டுவந்து வைத்தால் போதாது, அதோடு சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் இடம் கொடுக்கவேண்டும். எனக்கு இதைப் படித்ததிலிருந்து தோட்டம் போடுவது பற்றிய எண்ணமே மாறிவிட்டது.

வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முழு வெயில், தண்ணீர் நிற்காத மண். நாங்கள் இருக்கும் மேற்குக் கரை வறட்சியான பக்கம், அதனால் இதற்கு ஒத்துப்போகிறது. குழியில் கருங்கல் ஜல்லியைக் கலந்து போட்டேன், மேலே காய்ந்த இலைகளைப் பரப்பினேன், உரம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. காற்றுக்குத்தான் முட்டுக் கொடுக்கவேண்டும், புயல் சீசன் இங்கே நவம்பரில் தொடங்கும். குரங்கு வேறு! யாரோ எந்தக் காலத்திலோ கப்பலில் கொண்டுவந்து விட்ட குரங்கு, இன்றைக்குக் காட்டில் காயையும் மொட்டையும் பிய்த்துப் போடுகிறது. மானும் அப்படி வந்ததுதான். சீனக் கொய்யா என்று ஒன்று, அதன் பழம் ருசிதான், ஆனால் காட்டை அப்படியே மூடிவிடுகிறது. நல்ல நிலையில் இருக்கிற பழைய காடு இந்தத் தீவில் இரண்டு சதவீதம்கூட மிச்சமில்லை. இந்த இனத்திலேயே ஒரு செடி 1863க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல் அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருக்கிறார்கள், 2001இல் ஒரு மலையில் திரும்பக் கிடைத்தது. 138 வருஷம் அம்மா!

விதை கொண்டுவரச் சொன்னாயே, அது மட்டும் வேண்டாம். விமான நிலையத்தில் செடி, விதைக்கு அனுமதிச் சீட்டு அது இது என்று கேட்பார்கள் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், அங்கே இதற்குப் பல்லி கிடையாது. மந்தைவெளி மொட்டை மாடியில் இது தொட்டிக்குள் தனியாக நின்று என்ன செய்யும்?

அப்பாவிடம் சொல், மாடியில் அந்தக் குரோட்டன்ஸ் தொட்டியைக் காலி செய்துவிட்டு ஒரு சிறுகளா வைக்கட்டும். கிண்டிக் காட்டில் முள்ளும் வெள்ளைப் பூவுமாக நிற்குமே, அது. நம் ஊர்க் காட்டுச் செடி, வெயிலைத் தாங்கும், தண்ணீருக்கு அழாது, பூ வாசனை மல்லிக்கு அடுத்தபடி என்றே சொல்லலாம், பழத்துக்குக் குருவிகள் வரும். கடை நர்சரியில் கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள், நாட்டு மரக்கன்று வளர்க்கிறவர்களிடம் விசாரிக்கச் சொல். சிமெண்டுத் தொட்டியாக, பெரியதாக இருக்கட்டும், முள் குத்தாமல் சுவரோரம் தள்ளி வைக்கட்டும். மழைக்கு முன்னால் வைத்தால் நல்லது, அதனால் ஐப்பசி வரை இழுக்கவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

முட்டிவலிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா? பூவின் போட்டோவை அண்ணி போனுக்கு அனுப்புகிறேன், காட்டச் சொல்லிப் பார்.

உன் மகள்