ஏழாம் எண் கார்

மில்வாக்கி
ஞாயிறு மாலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இரண்டு தடவை படித்துவிட்டேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்பதே பெரிய நிம்மதி. மாடிப்படி ஏறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடு. இங்கே எல்லோரும் நலம். பேத்தி நடக்கத் தொடங்கி இப்போது ஓட்டமே பிடிக்கிறாள். அவள் பின்னால் போவதிலேயே எங்கள் இருவருக்கும் பொழுது சரியாகிவிடுகிறது.

பட்டறை விஷயம் படித்தேன். அந்தக் கம்பெனிக்காரர்கள் மறுபடியும் வந்து பேசியிருக்கிறார்கள். நல்ல விலை, உனக்கு மாதச் சம்பளம், ஆர்டருக்கு அலைய வேண்டாம், வாசலில் அப்பா பேர் போட்ட போர்டு மட்டும் இறங்கிவிடும். என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். முப்பத்தைந்து வருஷம் லேத் முன்னால் நின்றவன் நீ. நான் கடைசி வரைக்கும் சம்பளத்துக்கு இருந்தவன். உனக்கு வழி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒருவர் என் மனதை விட்டுப் போகவில்லை. அவரைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

மில்வாக்கியை ஒட்டி கிரீன்ஃபீல்ட் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பூங்காவுக்கு நடக்கப் போவோம். அதற்கு ஆலன் குல்விக்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யார் அது என்று மகனைக் கேட்டேன். இந்த ஊரிலேயே வளர்ந்த கார் பந்தயக்காரர், இன்ஜினீயர் என்றான். இன்ஜினீயர் என்றதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். பழைய பந்தயங்களையும் உட்கார்ந்து பார்த்தேன்.

நாம் அந்தக் காலத்தில் சோழவரத்தில் பார்த்த பந்தயம் மாதிரி இது இல்லை. நாஸ்கார் என்பார்கள். கார் வெளியே பார்க்க ஷோரூமில் நிற்கும் ஃபோர்டு, செவர்லே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் ஸ்டாக் கார் என்று பெயர். உள்ளே எல்லாம் வேறு. இரும்புக் குழாயில் கட்டிய கூடு, பெரிய வி8 இன்ஜின், அந்தக் காலத்தில் நாலு கியர். சரிவாகக் கட்டிய வட்டப் பாதையில் நாற்பது கார்கள் நெருக்கியடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான சுற்று ஓடும். அமெரிக்காவின் தெற்குப் பகுதிதான் இதன் தாய்வீடு. வடக்கே விஸ்கான்சினிலிருந்து போய் அங்கே நிற்பதே பெரிய காரியம்.

குல்விக்கி 1954-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். அப்பா பந்தய இன்ஜின் கட்டுகிறவர். மகன் 1977-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி கிளையில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தார். சுற்றுவட்டார ஓடுதளங்களில் ஓட்டிப் பெயர் வாங்கினார். 1985-ல் இருந்ததை எல்லாம் விற்றுவிட்டு, பந்தய அணிகள் குவிந்திருக்கும் வட கரோலினாவின் சார்லட் பக்கம் குடிபோகத் தயாரானார். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, சாமான்கள் ஏற்றியிருந்த டிரெய்லர் மின்கசிவில் எரிந்துபோனது. வேறொரு டிரெய்லரை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

1986-ல் அவர் முழு வருஷமும் ஓட்ட இறங்கினார். அந்த வருஷத்து நடுவிலேயே அணியின் முதலாளி விலகிவிட, அணியைத் தானே வாங்கிக்கொண்டார். அணி என்றால் என்ன என்று நினைக்கிறாய்? ஒரு கார். இரண்டு இன்ஜின். முழுநேர ஆட்கள் இரண்டு பேர். பெரிய அணிகள் ஓடுதளத்துக்கு ஏற்ற மாதிரி தனித்தனிக் கார் வைத்திருந்த காலம் அது. இவர் அந்த ஒரே காரைப் போட்டிக்குப் போட்டி மாற்றிப் பூட்டி ஓட்டினார். அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் என்ற பட்டம் அவருக்குத்தான் கிடைத்தது. மறுவருஷம் ஸ்பான்சர் கிடைத்தது, காருக்கு 7 என்ற எண்ணும் வந்தது. அதற்குப் பிறகு அவர் பெயரைச் சொன்னால் அந்த 7-தான்.

கூட வேலை செய்வது லேசான காரியம் இல்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் தானே பார்க்க வேண்டும், ஸ்பிரிங் அளவைத் தானே கணக்குப் போட வேண்டும். சேர்ந்தவர்கள் பலர் சீக்கிரமே விலகினார்கள். பிற்காலத்தில் ஜெஃப் கார்டனை சாம்பியன் ஆக்கிய ரே எவர்ன்ஹாமும் கொஞ்ச நாள் இவரிடம் இருந்து ஒத்துவராமல் போனவர்தான். பால் ஆண்ட்ரூஸ் மட்டும் தலைமை மெக்கானிக்காகக் கடைசி வரை நின்றார். உன்னிடம் வேலை கற்ற பையன்களும் இதே புகார்தானே சொல்வார்கள்? இன்று ஊரில் அவர்களுக்குத்தான் நல்ல பேர்.

முதல் வெற்றிக்கு 1988 நவம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அரிசோனாவில் ஃபீனிக்ஸ் ஓடுதளத்தில் நடந்த முதல் நாஸ்கார் கோப்பைப் பந்தயம். முன்னால் போனவரின் இன்ஜின் கடைசி நேரத்தில் மடங்க, இவர் ஜெயித்தார். ஜெயித்ததும் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். காரைத் திருப்பி, பாதையில் எதிர்த்திசையில் ஒரு சுற்று மெதுவாக ஓட்டினார். இங்கே டிரைவர் இருக்கை இடது பக்கம். இடதுபுறமாகவே சுற்றும் பந்தயத்தில் டிரைவர் மைதானத்துப் பக்கம் மறைந்துபோவார். திரும்பி ஓட்டினால் ஜனங்கள் பக்கம் வருவார், முகம் பார்த்துக் கையசைக்கலாம். அவருடைய முன்னோர் போலந்துக்காரர்கள் என்பதால் அதற்குப் 'போலிஷ் வெற்றிச் சுற்று' என்று பெயர் வந்துவிட்டது. அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை.

உனக்கு நான் சொல்ல வந்த இடம் 1990. ஜூனியர் ஜான்சன் அந்த விளையாட்டில் பெரிய தலை. அவருடைய காரை ஓட்டச் சொல்லிப் பத்து லட்சம் டாலர் தருவதாகக் குல்விக்கியைக் கேட்டார். குல்விக்கி மறுத்துவிட்டார். தன் அணி, தன் கார், தன் முடிவு. அதை விட்டு வர அவருக்கு மனமில்லை.

சரி, மறுத்ததும் எல்லாம் நல்லபடியாக நடந்ததா என்றால் இல்லை. பழைய ஸ்பான்சர் போய்விட்டது. அடுத்து வரும் என்று நம்பியிருந்த காபி கம்பெனி, அதே ஜான்சன் அணியின் இன்னொரு காருக்குப் போனது. 1991 டேடோனா பந்தயத்தில் அமெரிக்க ராணுவத்தின் பெயரைப் போட்டு ஓட்டினார், அதுவும் அந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும். அப்புறம் கைக்காசு. அந்த வருஷம் அட்லாண்டாவில் ஹூட்டர்ஸ் என்ற உணவக நிறுவனம் ஸ்பான்சர் செய்த கார் தகுதிச் சுற்றிலேயே வெளியே போனது. பக்கத்தில் பெயர் எதுவும் இல்லாமல் குல்விக்கியின் வெறும் கார் நின்றது. அந்த ஒரு பந்தயத்துக்கு என்று பேசி ஒட்டிய பெயர் பிறகு நிரந்தரமானது. அந்த வெறும் கார் நின்ற நாட்களில் இரவில் அவருக்குத் தூக்கம் வந்திருக்குமா என்று நினைத்துப் பார்க்கிறேன். உனக்குத் தெரியும், ஆர்டர் இல்லாத மாதம் எப்படி இருக்கும் என்று.

அப்போது ஒவ்வொரு பந்தயத்துக்கும் புள்ளி உண்டு, வருஷ முடிவில் அதிகம் சேர்த்தவருக்குத்தான் சாம்பியன் பட்டம். 1992-ல் இரண்டு பந்தயம் ஜெயித்தார். ஆனால் செப்டம்பரில் டோவரில் கார் மோதி 34-வது இடம். இன்னும் ஆறு பந்தயமே பாக்கி, முதலிடத்துக்கு 278 புள்ளி தூரம். சாம்பியன் பட்டம் போய்விட்டது என்று அவரே நினைத்தார். அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தடுமாறினார்கள், இவர் மட்டும் விடாமல் சேர்த்துக்கொண்டே வந்தார். நவம்பர் 15-ஆம் தேதி அட்லாண்டாவில் கடைசிப் பந்தயம். ஆறு பேருக்குப் பட்டம் வாங்க வாய்ப்பு இருந்தது. முதலில் டேவி அலிசன், அவருக்கு 30 புள்ளி பின்னால் குல்விக்கி, 40 புள்ளி பின்னால் பில் எலியட். எலியட் யாருடைய கார் ஓட்டினார் தெரியுமா? ஜூனியர் ஜான்சனுடையது.

அன்று தன் ஃபோர்டு தண்டர்பேர்டின் முன்பக்கத்தில் இருந்த பெயரில் முதல் இரண்டு ஆங்கில எழுத்தை எடுத்துவிடக் குல்விக்கி அனுமதி வாங்கியிருந்தார். தண்டர்பேர்ட் அண்டர்பேர்ட் ஆனது. எல்லோரும் கீழே வைத்துப் பார்க்கும் பறவை என்று பொருள்.

நடுவில் பெட்ரோல் போட, டயர் மாற்ற உள்ளே வந்து நிற்பதைப் பிட் என்பார்கள். முதல் பிட்டிலேயே ஃபர்ஸ்ட் கியர் உடைந்தது. நீ இதை நின்று படி. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை பிட்டை விட்டுக் கிளம்பும்போதும் ஆட்கள் பின்னாலிருந்து தள்ள, நாலாவது கியரிலேயே கிளப்பினார்கள். உடைந்த பல் கியர்பாக்ஸுக்குள்ளேயே கிடக்கிறது. அது வேறொரு கியரின் நடுவில் மாட்டினால் எல்லாம் முடிந்தது. ஆண்டவன் புண்ணியத்தில் அப்படி எங்கும் மாட்டவில்லை. பல்லடத்திலிருந்து டாப் கியர் மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பழைய பைக்கை நீயும் நானும் தள்ளித் தள்ளிக் கிளப்பிக் கோவை வந்து சேர்ந்தோமே, அந்த ராத்திரி முழுக்க எனக்கு ஞாபகம் வந்தது. நமக்கு அது நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. அவருக்கு ஐந்நூறு மைல், அதுவும் பட்டத்துக்காக.

254-வது சுற்றை ஒட்டி அலிசன் இன்னொரு காருடன் மோதி ஒதுங்கினார். மிச்சம் குல்விக்கியும் எலியட்டும். இங்கேதான் இன்ஜினீயர் மூளை வேலை செய்தது. ஒரு பந்தயத்தில் அதிகச் சுற்றுகள் முன்னால் ஓடியவருக்குக் கூடுதலாக 5 புள்ளி உண்டு. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது, எந்தச் சுற்று வரைக்கும் உள்ளே போகாமல் முன்னால் நிற்கலாம், அதன்பின் எலியட் மிச்சம் எல்லாச் சுற்றிலும் முந்தினாலும் நம்மைத் தாண்ட முடியாதபடி எப்போது ஆகும், இதையெல்லாம் ஆண்ட்ரூஸ் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். 310-வது சுற்றில்தான் குல்விக்கி உள்ளே வந்தார். பெட்ரோல் மட்டும். அதுவும் முழுசாக இறங்கவில்லை. நாலாவது கியரில் கிளம்பி, பெட்ரோலை மிச்சம் பிடித்தபடியே மீதி ஓட்டினார்.

328 சுற்று முடிவில் எலியட் முதலிடம், குல்விக்கி இரண்டாமிடம். குல்விக்கி முன்னால் ஓடியது 103 சுற்று, எலியட் 102. முதலிடத்துக்கு 175, இரண்டாமிடத்துக்கு 170, ஒரு சுற்றாவது முன்னால் ஓடியதற்கு ஆளுக்கு 5, அதிகச் சுற்றுக்குக் குல்விக்கிக்கு மட்டும் 5. கூட்டிப் பார், இரண்டு பேருக்கும் அன்று 180-தான். பந்தயத்துக்கு முன் இருந்த பத்துப் புள்ளி அப்படியே நின்றது. 4078-க்கு 4068. அந்த ஒரு சுற்று எலியட் பக்கம் போயிருந்தால் இருவரும் சமம். சமமானால் அதிக வெற்றி பெற்றவருக்குப் பட்டம், எலியட்டுக்கு ஐந்து வெற்றி. போயிருக்கும், சண்முகம். ஒரே ஒரு சுற்று!

குல்விக்கி மறுபடியும் எதிர்த்திசையில் ஒரு சுற்று ஓட்டினார். காரை விட்டு இறங்கும் முன் சீப்பை எடுத்து நிதானமாகத் தலை வாரிக்கொண்டாராம். பட்டதாரி ஒருவர் சாம்பியன் ஆனது அதுதான் முதல் தடவை. டிரைவரே முதலாளியாகவும் இருந்து பட்டம் வாங்கியது அதற்கப்புறம் 2011-ல் டோனி ஸ்டூவர்ட் வரும்வரை நடக்கவில்லை. ஸ்டூவர்ட்டுக்கும் கூட ஒரு பங்காளி இருந்தார்.

மேலே எழுதக் கை வரவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1993 ஏப்ரல் 1 ராத்திரி, பிரிஸ்டல் பந்தயத்துக்காக அவர் வந்த சின்ன விமானம் டென்னஸியில் இறங்கப் போகும் நேரத்தில் விழுந்துவிட்டது. இருந்த நால்வரும் போய்விட்டார்கள். இன்ஜினுக்குள் பனிக்கட்டி போனதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. அவருக்கு 38 வயது. பட்டம் வாங்கி ஐந்து மாதம்கூட முடியவில்லை. மறுநாள் காலையில் அவருடைய காரை ஏற்றிவந்த லாரி, முன்னால் கறுப்பு மலர்வளையம் கட்டிக்கொண்டு, பிரிஸ்டல் ஓடுதளத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு ஊர் திரும்பியது. எல்லா அணிக்காரர்களும் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். அந்த வாரம் ஜெயித்த ரஸ்டி வாலஸ், அவருக்காக எதிர்த்திசையில் ஓட்டினார். அதே வருஷம் ஜூலையில் டேவி அலிசனும் ஹெலிகாப்டர் விபத்தில் போய்விட்டார்.

அணியை ஜெஃப் பொடைன் என்ற டிரைவர் வாங்கினார். 1994-ல் அதே 7-ஆம் எண்ணில் மூன்று பந்தயம் ஜெயித்தார், பிறகு கை மாறியது. குல்விக்கியிடம் வேலை செய்த ஆட்கள் நல்ல நிலைக்கு வந்தார்கள். டோனி கிப்சன் என்பவர் 2017-ல் டேடோனா 500-ஐ ஜெயித்த காருக்குத் தலைமை மெக்கானிக். குல்விக்கி பெயரில் இளம் ஓட்டுநர்களுக்கு 2015 முதல் உதவி தருகிறார்கள். முதல் வருஷம் அதை வாங்கிய டை மஜெஸ்கி என்ற விஸ்கான்சின் பையன் 2024-ல் நாஸ்காரின் டிரக் பிரிவில் சாம்பியன் ஆனான். இங்கே பூங்காவில் அதைப் பற்றிப் பேசும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி சொல்வார்கள்.

இன்று காலையிலும் அங்கேதான் போய்விட்டு வந்தேன். பேத்திக்கு அவர் பெயர்ப்பலகையில் உள்ள எழுத்துகளைத் தடவிப் பார்க்கப் பிடிக்கிறது.

கம்பெனிக்காரர்கள் மாதக் கடைசியில் வருவதாக எழுதியிருக்கிறாய். என்ன முடிவானாலும் எனக்கு உடனே எழுது, போனில் சொன்னாலும் சரி, எந்த நேரமானாலும் பரவாயில்லை. பொங்கலுக்குப் பட்டறை போர்டுக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்ததாகச் சொன்னாயே, அதை ஒரு படம் எடுத்து அனுப்பு. மகனிடம் காட்ட வேண்டும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்
ராமசாமி