பைத்துல்மால் பணிக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

ஏழைகளுக்கு உதவும் எங்கள் பொது நிதியமான பைத்துல்மாலின் இவ்வாண்டுக் கணக்கு, தணிக்கை முடிந்து ஜமாஅத்தார் முன் வாசிக்கப்பட்டது, அல்ஹம்துலில்லாஹ். அதற்காக உழைத்தவர்கள் தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவர்கள் செய்த பணியைச் சொல்லியே நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி, கணக்கு எழுதிய பெரியவருக்கு உரியது. நான் பொருளாளர் பொறுப்பேற்றபோது கடமையான ஜகாத், நோன்புப் பெருநாள் தர்மமான ஃபித்ரா, விரும்பிக் கொடுக்கும் ஸதகா மூன்றும் ஒரே பேரேட்டில் கலந்து கிடந்தன. ஜகாத்தைத் திருக்குர்ஆன் 9:60 வசனம் குறிப்பிடும் 8 வகையினருக்கே கொடுக்க வேண்டும் என்பதும், பள்ளிவாசல் கட்டடச் செலவுக்கு அதை எடுப்பதை மார்க்கச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்பதில்லை என்பதும் தெரிந்திருந்தும், எந்தத் தொகை எந்த வகை என்று பிரிக்க என்னால் இயலவில்லை. அவர்தாம் பழைய ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டித் தனித்தனிப் பேரேடு போட்டுக் கொடுத்தார். ஒருமுறை உண்டியலில் எதுவும் எழுதப்படாத உறையொன்று கிடந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் அறிவிப்புச் செய்து, கொடுத்தவரே வந்து "அது ஜகாத்" என்று சொல்லும்வரை, அதை எந்த வரவிலும் சேர்க்காமல் தனியே பூட்டி வைத்திருந்தார். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைக் குறிக்கும் அமானிதம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த உறைதான் நினைவுக்கு வருகிறது.

இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பின் அமர்ந்து, 85 கிராம் தங்கத்தின் மதிப்பை, ஜகாத் கடமையாகும் குறைந்த அளவான நிசாபாகக் கொண்டு, சந்திர ஆண்டு நிறைவுற்ற செல்வத்துக்கு 2.5 சதவீதம் கணக்கிடுவதைப் பொறுமையாக விளக்கிய மார்க்க அறிஞர்களான ஆலிம் பெருமக்களுக்கும் நன்றி. வணிகச் சரக்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதைச் சிலர் அன்றுதான் அறிந்தார்கள்.

வீடு வீடாகச் சென்று தேவையறிந்த சகோதரிகளையும் இளைஞர்களையும் எப்படிப் பாராட்டுவது? ஜகாத்தைத் திரட்டிப் பங்கிடும் ஊழியர்களும் அந்த 8 வகையினருள் அடங்குவர் என்பதால் அவர்களுக்கு அதிலிருந்தே ஊதியம் தரலாம். ஆயினும் பேருந்துக் கட்டணத்தைக்கூட அவர்கள் வாங்கவில்லை. பெருநாள் தொழுகைக்கு முன் ஃபித்ரா உரியவர் கைக்குச் சேர்ந்தாக வேண்டும் என்று இரவெல்லாம் அலைந்தார்கள். அக்கம்பக்கத்தார் அறியாதபடி கொடுத்து, பெறுபவரின் மானத்தையும் காத்தார்கள்.

வட்டியில்லா அழகிய கடனைத் தவணை தவறாமல் திருப்பித் தந்தவர்களுக்கும் நன்றி; உங்கள் தவணைப் பணம்தான் அடுத்தவருக்குக் கடனாகப் போயிருக்கிறது.

ஜஸாக்குமுல்லாஹு கைரன் (அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி வழங்குவானாக).

இங்ஙனம்,
பொருளாளர்