ராத்திரியிலும் ஒரு குழந்தை டாக்டர் வேண்டும்: தாலுகா மருத்துவமனைகளுக்காக ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் மற்றும் கிராமத்துப் பெற்றோர்,
தர்மபுரி மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: தாலுகா அளவிலான அரசு மருத்துவமனைகளில் 24 மணி நேரமும் குழந்தை நல மருத்துவர் இருக்க வழிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் 31 வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இன்று எங்கள் ஊரில் கைப்பிள்ளையோடு நிற்கிற பெண்களில் பாதிப் பேரை அவர்கள் குழந்தையாக இருந்தபோது நான்தான் தொங்குதராசில் உட்காரவைத்து எடை பார்த்தேன். அந்த உரிமையில் இந்த மனுவை அவர்கள் சார்பில் எழுதுகிறேன்.

போன மார்கழியில் என் பேரனுக்கு எட்டு மாதம். இரண்டு நாளாகச் சளி, இருமல். மூன்றாம் நாள் ராத்திரி பத்தரை மணிக்கு, மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. இந்த அறிகுறியைக் கண்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று எத்தனையோ தாய்மாருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பையனின் ஆட்டோவில் தாலுகா மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கே இருந்த டூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். உடனே நெபுலைசர் வைத்தார். ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு நர்ஸ்கள் மாறி மாறிக் கையில் பார்த்தார்கள், காலில் பார்த்தார்கள், கடைசியில் தலையில் பார்த்தார்கள். குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. "குழந்தை டாக்டர் இருந்திருந்தா இங்கேயே பார்த்திருக்கலாம்மா, நான் ரிஸ்க் எடுக்க முடியாது" என்று அவர் சொன்னபோது அவருக்கே கண் கலங்கியிருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. குழந்தைக்கு மருந்தின் அளவு கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. எட்டு கிலோகூட இல்லாத உடம்பில் ஒரு சின்னப் பிசகும் பெரிசு. பழகாத கை தயங்கத்தான் செய்யும்.

108 வந்தது. ஆக்ஸிஜன் மாஸ்க் குழந்தையின் முகத்தைவிடப் பெரிசு. அதன் விளிம்பு கண்ணை மறைத்தது. தர்மபுரி போய்ச் சேரும்வரை என் மகள் அதை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். மணி ஒன்றேகால். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு டாக்டர் ஒரே குத்தில் நரம்பு பிடித்தார். ஐந்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டோம். பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறான். அந்த டாக்டருக்கு நாங்கள் காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்த இரண்டே முக்கால் மணி நேரம் எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்காது.

அப்புறம் விசாரித்தபோதுதான் தெரிந்தது: தாலுகா மருத்துவமனையில் குழந்தை நல மருத்துவர் பணியிடம் ஒன்று இருக்கிறது, ஆளும் போட்டிருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் அவரை வேறு மருத்துவமனைக்கு அயற்பணியில் அனுப்பிவிடுகிறார்கள். மீதி நாள் பகலில் அவர்தான் புறநோயாளிகளையும் பார்க்கிறார், பிரசவ அறையில் பிறக்கும் குழந்தைகளையும் பார்க்கிறார். காகிதத்தில் காலியிடம் இல்லை. ராத்திரியில் டாக்டர் இல்லை.

இது எங்கள் தாலுகாவோடு நிற்கிற குறையும் அல்ல. மத்திய அரசின் 2021-22 கிராமப்புற சுகாதாரப் புள்ளிவிவரப்படி, நாடு முழுவதும் கிராமப்புற சமுதாய சுகாதார மையங்களில் (ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அடுத்த படியில் இருக்கும் அரசு மருத்துவமனைகளில்) தேவைப்படும் குழந்தை மருத்துவர்களில் 81.6 சதவீதம் பேர் இல்லை. நம் மாநிலம் எவ்வளவோ மேல். 2020 கணக்குப்படி இந்தியாவில் 1000 குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் 28 இறந்தன, தமிழ்நாட்டில் 13. இதில் எங்களுக்கும் பெருமைதான். நாட்டில் இறந்த அந்த 28-ல் 20 குழந்தைகள் பிறந்து நான்கு வாரம்கூடத் தாண்டாதவை. பச்சிளம் குழந்தைக்கு மூச்சுத்திணறலும் காமாலையும் நேரம் பார்த்து வருவதில்லை.

ஒரு சின்னக் கணக்கைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு டாக்டர் 48 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு வாரத்தை நிரப்ப மூன்றரைப் பேர் வேண்டும். லீவு, பயிற்சி எல்லாம் சேர்த்தால் நான்கு பேர். ஒரு தாலுகாவுக்கு ஒருவர் என்று பிரித்துப் போட்டால் எந்தத் தாலுகாவிலும் ராத்திரியில் ஆள் இருக்க முடியாது. அதனால் எங்கள் ஊர் மருத்துவமனைக்கே டாக்டர் வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. பக்கத்து இரண்டு, மூன்று தாலுகாக்களைச் சேர்த்து, நடுவில் இருக்கிற ஒரு மருத்துவமனையில் நான்கு குழந்தை டாக்டர்களைப் போடுங்கள். பச்சிளம் குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மர், காமாலைக்கு வைக்கும் போட்டோதெரபி விளக்கு, குழந்தை அளவு மாஸ்க் எல்லாம் அங்கே இருக்கட்டும். 20 கிலோமீட்டர் போகத் தயாராக இருக்கிறோம், போகிற இடத்தில் டாக்டர் இருப்பார் என்பது நிச்சயமாகத் தெரிந்தால் போதும். அந்த நான்கு பேரையும் அயற்பணியில் வேறெங்கும் அனுப்பக் கூடாது என்று ஆணையிலேயே எழுதிவிட வேண்டும்.

டாக்டர்கள் ஏன் தங்குவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தனியாளாக மாட்டிக்கொண்டால் ராத்திரி பகல் என்று பாராமல் போன் வரும், குடியிருப்பு சரியில்லை, பிள்ளைகளைப் படிக்கவைக்க நல்ல பள்ளிக்கூடம் இல்லை. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தது நமக்கெல்லாம் சந்தோஷம். அந்தக் கல்லூரிகளுக்கும் குழந்தை மருத்துவப் பேராசிரியர்கள் வேண்டும், ஆசிரியர் பணிக்குப் போகவே பலருக்கும் ஆசை. கடினமான பகுதியில் வேலை பார்த்த எம்.பி.பி.எஸ். டாக்டருக்கு மேற்படிப்பில் சேரும்போது ஊக்க மதிப்பெண் உண்டு. படித்து முடித்துக் குழந்தை டாக்டராகத் திரும்பி வருகிறவருக்கும் அப்படி ஒரு சலுகை வேண்டாமா? தாலுகாவில் மூன்று வருடம் இருந்தவருக்கு இடமாறுதல் கலந்தாய்வில் முதல் உரிமையும், இருக்கும்வரை வீடும் தனிப்படியும் கொடுத்துப் பாருங்கள்.

தேசியத் தேர்வு வாரியம் 2020-ல் தொடங்கிய இரண்டு வருட டிப்ளமோ படிப்புகளில் குழந்தை மருத்துவமும் ஒன்று. அதைப் பெரிய அரசு மருத்துவமனைகளிலேயே நடத்த வழியிருப்பதால், எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்தே படித்து வருகிறவர்கள் கிடைப்பார்கள். எங்கள் பக்கத்தில் வேரூன்றி நிற்கப்போவது அவர்கள்தான் என்பது என் நம்பிக்கை.

இதெல்லாம் ஒரே நாளில் ஆகாது, சரி. அதுவரைக்கும் ராத்திரிப் பணியில் இருக்கும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் குழந்தைக்கு நரம்பு பிடிக்க, மூச்சு கொடுக்கப் பயிற்சி கொடுங்கள். மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவில் ஒரு டாக்டர் எந்நேரமும் வீடியோ அழைப்பில் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். குழந்தை மாஸ்க் எல்லா 108 வண்டியிலும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

இந்த மனுமீது எடுத்த நடவடிக்கையை எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்
மற்றும் கீழே கையெழுத்திட்ட பெற்றோர்

இடம்: தர்மபுரி மாவட்டம்
நாள்: 19.02.2024

நகல்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தர்மபுரி.
இணை இயக்குநர் (நலப்பணிகள்) அவர்கள், தர்மபுரி.